ஒரு துளிக்கு எந்தக் கருவி? நெகிழி மாதிரிகளும் பசையின் அறிவியலும்

1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள். பொழுது விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பெருஞ்சாலை வழியாகச் சிலிம் ரிவரை நோக்கி வந்தன. மேஜர் ஷிமாடாவின் தலைமையில் வந்த அந்த அணி, 11ஆவது இந்தியப் படைப்பிரிவின் காவல் நிலைகளைச் சில மணி நேரத்தில் ஊடுருவிச் சிலிம் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்றியது. அந்த அணியில் இருந்த 97ஆம் வகை டாங்கி இன்று 1/35 அளவில் நெகிழி மாதிரியாகக் கிடைக்கிறது. ஜப்பானின் தாமியா நிறுவனம் அதை வெளியிட்டிருக்கிறது. ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளமான டாங்கி, மேசைமேல் 15.7 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும்.

அளவு சுருங்கும்போது ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகிறது. மாதிரியில் 1 மில்லிமீட்டர் பசை வழிந்தால், உண்மை டாங்கியில் அது 3.5 சென்டிமீட்டர் தடித்த கட்டிக்குச் சமம். 97ஆம் வகை டாங்கியின் தகடுகள் ஆணி அறைந்து இணைக்கப்பட்டவை. மாதிரியில் அந்த ஆணித் தலைகள் குண்டூசித் தலையைவிடச் சிறியவை. கூடுதலாக விழும் ஒரு துளி பசை அவற்றைக் கரைத்து மழுங்கச் செய்துவிடும். ஆகவே எந்தப் பசை என்று கேட்பதோடு, அதை எந்தக் கருவியால் வைப்பது என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஒட்டுவதா, கரைப்பதா?

பெரும்பாலான மாதிரிகள் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆனவை. இது ஒரு பலபடி. அதாவது, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி. ரப்பர் மரத்துப் பாலில் இருப்பதும் வேறொரு வகைப் பலபடிதான்.

மாதிரிக் கடைகளில் விற்கும் மெல்லிய சிமெண்டு உண்மையில் பசையன்று, கரைப்பான். அதில் பெரும்பாலும் அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்ற திரவங்கள் உள்ளன. அவை பாலிஸ்டைரீனின் மேற்பரப்பை இளக்குகின்றன. இரு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டு துண்டுகளும் ஒரே துண்டாகிவிடுகின்றன. நெகிழியை நெகிழியே பற்றவைக்கிறது என்று சொல்லலாம்.

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. வர்ணம் பூசிய இடத்தில் சிமெண்டு நன்றாகப் பிடிக்காது. இணையும் விளிம்பில் வர்ணத்தைச் சுரண்டிவிட வேண்டும். அடுத்து, சிமெண்டைப் போலிஸ்டிரீன் கோப்பையிலோ சோற்றுப் பெட்டி மூடியிலோ ஊற்றக்கூடாது. பாத்திரமே கரைந்து மேசையில் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் நெகிழியை இந்தக் கரைப்பான் கரைக்காது என்பதால்தான், பாலித்தீன் சொட்டுக்குழாயால் சிமெண்டை எடுக்க முடிகிறது.

மூடித் தூரிகை: திரவம் தானே ஓடும்

மெல்லிய சிமெண்டு புட்டியின் மூடியிலேயே ஒரு மெல்லிய தூரிகை இருக்கும். பலர் அதை நகச்சாயம் பூசுவதுபோல் இரு துண்டுகளிலும் பூசிவிட்டுப் பிறகு சேர்க்கிறார்கள். மெல்லிய சிமெண்டுக்கு அது பொருந்தாது. சேர்ப்பதற்குள் பாதி ஆவியாகிவிடும்.

முதலில் துண்டுகளைப் பசையில்லாமல் பொருத்திப் பிடியுங்கள். தூரிகையைப் புட்டியின் விளிம்பில் வழித்து, அதன் நுனியால் இணைப்புக் கோட்டைத் தொட்டால் போதும். திரவம் கோடு நெடுகத் தானே ஓடும். இதுவே நுண்புழைக் கவர்ச்சி. திரவத்துக்கும் நெகிழிக்கும் இடையே உள்ள ஈர்ப்பும், திரவத்தின் பரப்பு இழுவிசையும் சேர்ந்து அதைக் குறுகிய இடைவெளிக்குள் இழுக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிப் பிடித்து, வர்ண நீரில் அவற்றின் விளிம்பை நனைத்துப் பாருங்கள். இடைவெளி குறுகக் குறுக நீர் உயரமாக ஏறும்.

இந்த விதி உங்கள் விரலையும் விட்டுவைக்காது. இணைப்புக் கோட்டின்மேல் விரல் இருந்தால், சிமெண்டு விரலுக்கும் நெகிழிக்கும் இடையில் புகுந்து, உங்கள் கைரேகையை டாங்கியின்மேல் நிரந்தரமாகப் பதித்துவிடும். ஒட்டுநாடாவின் அடியிலும் இப்படியே புகும். எனவே கோட்டிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

ஊசிமுனைப் புட்டி: கெட்டிப் பசைக்கு

சில சிமெண்டுகளில் பாலிஸ்டைரீனையும் கொஞ்சம் கரைத்துச் சேர்த்திருப்பார்கள். அவற்றின் பாகுநிலை அதிகம். தானே ஓடாது, வைத்த இடத்தில் நிற்கும். டாங்கியின் சக்கரங்கள், அடித்தட்டு போன்றவற்றுக்கு இது ஏற்றது. துண்டை வைத்தபின் நேராக்க நேரம் கிடைக்கும்.

இதற்கு மெல்லிய எஃகுக் குழாய் பொருத்திய புட்டி நல்ல கருவி. அமெரிக்காவில் தொடங்கிய ரெவல் நிறுவனத்தின் ஊசிமுனைப் புட்டி பலரும் அறிந்தது. பிதுக்காமல் கவிழ்த்து, முனையால் தொட்டு இழுங்கள். சேர்க்கும்போது வெளியே தெரியாத உட்பக்கத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் முனையைத் துடைத்து மூடுங்கள். அடைத்துக்கொண்டால் மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையை உள்ளே செலுத்திச் சுத்தம் செய்யலாம். ஊசியைத் தீயில் காட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. உள்ளே இருப்பது எரியும் திரவம் என்பதால் அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

பிளந்த ஊசிக்காது: உடனடிப் பசைக்கு

பித்தளை, பிசின் துண்டுகளைச் சிமெண்டு கரைக்காது. அங்கே உடனடிப் பசை எனப்படும் சயனோஅக்ரிலேட் தேவை. இதற்கும் 1942க்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவரின் குழு, துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான நெகிழி தேடியபோது இதைச் சந்தித்தது அந்த ஆண்டில்தான். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். பின்னர் 1958இல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது.

காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரமே இதை இறுக வைக்கிறது. ஆகவே நம் நாட்டு ஈரக் காற்றில் இது விரைவாக இறுகும். திறந்த குழாயும் சீக்கிரம் கெட்டுப்போகும். நன்றாக மூடும் டப்பாவில், காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

குழாயிலிருந்து நேராகப் பிதுக்கினால் அளவு நம் கையில் இருக்காது. ஒரு தையல் ஊசியின் காதை மேற்பக்கம் நறுக்கினால் சிறு கவை கிடைக்கும். நறுக்கும்போது துணுக்கு தெறிக்கும். பெரியவர் ஒருவர் கண்ணாடி அணிந்து செய்யட்டும். ஊசியின் கூர்முனையைச் சாத்தே குச்சியில் செருகினால் கைப்பிடி ஆயிற்று. ஒரு சொட்டுப் பசையைப் பழைய புட்டி மூடியில் விட்டு, கவையை அதில் தொடுங்கள். பரப்பு இழுவிசை கவைக்குள் ஒரு நுண்துளியைப் பிடித்து வைக்கும். இணைப்பைத் தொட்டதும் துளி அங்கே இறங்கிவிடும்.

கண்ணாடிபோல் தெளிந்த துண்டுகளுக்கு இது வேண்டாம். இதன் ஆவி வெண்படலமாகப் படிந்துவிடும். அங்கே வெள்ளைப் பசையைப் பல்குச்சியாலோ ஈர்க்குச்சியாலோ வைத்தால் போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும்.

மூக்கு, தீ, பஞ்சு

அசிட்டோன் ஆவி காற்றைவிட இரு மடங்கு கனமானது, தரையோடு தவழும். கீழே பாய் விரித்து மாதிரி கட்டும்போது, பக்கத்தில் கொசுவர்த்தியோ சாமி விளக்கோ எரிந்தால் ஆவி அதுவரை ஊர்ந்து சென்று தீப்பற்றலாம். சன்னலைத் திறந்து, மேசையில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். தலை வலித்தால் மூடி வைத்துவிட்டு வெளியே வாருங்கள். தெரிந்தே முகர்வது மூளையையும் இதயத்தையும் தாக்கும், உயிரே போகலாம்.

உடனடிப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியோடு அது வேகமாக வினைபுரிந்து, தோலைச் சுடுமளவு வெப்பத்தை வெளியிடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவிட்டு மெல்லப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்களே சோதியுங்கள்

துண்டுகளைத் தாங்கி வரும் நெகிழிச் சட்டத்தை எறிந்துவிடாதீர்கள். அதில் ஒரே நீளமான ஆறு குச்சிகளை வெட்டுங்கள். இரண்டை மெல்லிய சிமெண்டாலும், இரண்டைக் கெட்டிச் சிமெண்டாலும், இரண்டை உடனடிப் பசையாலும் முனையோடு முனை சேர்த்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வளைத்து, எங்கே முறிகிறது என்று பார்த்து எழுதுங்கள். இணைப்பிலேயே சுத்தமாக விட்டுப் போனால் அது வெறும் ஒட்டல். இணைப்பைத் தாண்டிக் குச்சி முறிந்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. உங்கள் மாதிரியின் எந்தத் துண்டுக்கு எது தேவை என்பதை இந்த மூன்று முறிவுகளே சொல்லிவிடும்.