பள்ளிக்கூட வாத்தியார், ஆப்பரா நாயகன், பேராசிரியர்

ஆப்பரா பாடகர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் குரலிசைப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டால், 'சாரீரம் போய்விட்டது போலும், ஒதுங்கிவிட்டார்' என்று ரசிகர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அமெரிக்க டெனர் (உயர் ஸ்தாயி ஆண்குரல்) பாடகர் ஜார்ஜ் ஷெர்லியின் வாழ்க்கைக்கு முன்னால் இந்தப் பேச்சு நிற்காது. 1934-இல் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த அவர், 1955-இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பள்ளி இசையாசிரியராகத்தான் பிழைப்பைத் தொடங்கினார். டெட்ராய்ட் உயர்நிலைப் பள்ளிகளில் இசை கற்பித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். பிறகு ராணுவத்தின் சேர்ந்திசைக் குழுவில் இருந்தபோதுதான் ஆப்பரா பக்கம் திரும்பினார். 1961-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா ('மெட்') நடத்திய குரல் தேர்வில் வென்றார். அதே ஆண்டு மொஸார்ட்டின் 'கொஸி ஃபான் துத்தே'வில் ஃபெர்ராண்டோவாக அங்கே மேடையேறினார். அந்த அரங்கில் முதன்மைப் பாத்திரங்கள் ஏற்ற முதல் கறுப்பின டெனர் அவரே. கறுப்பினப் பாடகர்களான மரியன் ஆண்டர்சனும் ராபர்ட் மெக்ஃபெரினும் 1955-லேயே அங்கே பாடிவிட்டார்கள். ஆனால் ஆப்பராவில் டெனர் என்றால் பெரும்பாலும் காதலன். வெள்ளைக்கார நாயகியின் கையைக் கறுப்பர் பிடிப்பதைக் காட்ட அரங்குகள் தயங்கிய காலம் அது.

பதினோரு ஆண்டுகள் மெட்டில் முதன்மைப் பாத்திரங்கள் ஏற்ற அவர், 1980-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கும் 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கும் கற்பிக்கப் போனார். அவர் அங்கே செய்த வேலையின் தன்மை புரிந்தால், அதை ஓய்வு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாடுகிறவருக்குத் தன் குரல் பாதி மண்டையோட்டு எலும்பு வழியாகவே கேட்கிறது. அரங்கில் இருப்பவருக்குக் கேட்பது வேறு குரல். வயலின் மாணவரின் விரல் பிசகினால் ஆசிரியர் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். தொண்டைக்குள் நடப்பதைக் காதை வைத்தே ஊகிக்க வேண்டும். இன்றைய மெட் அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள்; பாடகருக்கு மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவைத் தாண்டி ஒற்றைக் குரல் கடைசி வரிசைக்குப் போவது கத்துவதால் அல்ல. வாத்தியக் குழுவின் பலம் 500 ஹெர்ட்ஸ் அளவில் குவிந்திருக்க, பயின்ற குரலில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் தனியே ஓர் அதிர்வு திரள்கிறது. அது திரளும்படி குரல்வளையையும் வாயையும் எப்படி வைத்துக்கொள்வது, மேல் ஸ்தாயிக்கு ஏறும் அந்த இடறும் இடத்தைக் குரல் உடையாமல் எப்படிக் கடப்பது என்பதைப் புத்தகம் சொல்லித் தராது. வாராவாரம் தனி அறையில், பியானோவை ஒட்டி நின்று, ஒரே உயிரெழுத்தைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துத்தான் கொண்டுவர முடியும். அந்த இடத்தைப் பல நூறு இரவுகள் மேடையில் கடந்தவரின் காதுக்கு இங்கே தனி மதிப்பு உண்டு.

நன்றாகப் பாடுகிறவரெல்லாம் நன்றாகச் சொல்லித் தருவாரா என்று கேட்கலாம். மாட்டார். பிறவியிலேயே நல்ல சாரீரம் வாய்த்தவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பதே பல நேரம் தெரியாது. தன் குரலையே மாணவர் தொண்டையில் திணித்துக் கெடுத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் ஷெர்லியின் வரிசைமுறை முக்கியமாகப் படுகிறது. சொல்லித் தருவதை முதலில் தொழிலாகப் பழகிவிட்டு மேடைக்குப் போனவர் அவர். பெயருக்காகவே நட்சத்திரங்களை அழைக்கும் இசைத் துறைகள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆப்பரா அரங்குகள் ஏற்கக்கூடியதைவிட மிக அதிகமான பாடகர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் உருவாக்குகின்றன. பலர் கல்விக் கடனோடு வெளியே வருகிறார்கள். இதை மறுப்பதற்கில்லை. ஆனால் பட்டம் பெற்றவருக்கு மேடை ஒன்றே கதி என்று நினைத்தால்தான் அது முழுத் தோல்வி. பள்ளிகளும் தேவாலயச் சேர்ந்திசைக் குழுக்களும் பயின்ற குரல்களை நம்பியே இயங்குகின்றன. ஷெர்லிக்கும் முதல் சம்பளம் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது. மேடைகள் குறைவு, பாடகர்கள் அதிகம் என்ற கணக்கைப் பட்டமளிப்பு விழாவரை மறைத்து வைக்காமல், மாணவர் சேரும் நாளிலேயே பல்கலைக்கழகங்கள் சொல்லிவிட வேண்டும்.