முகாமுக்குப் போக எவ்வளவு ஆகும்?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒரு தாளை நீட்டுகிறான். "என்.சி.சி. முகாம் 10 நாள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்" என்கிறான். அப்பா தாளைப் படிக்குமுன் அம்மா கேட்டுவிடுகிறார்: "எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?"

"ஒன்றும் கட்ட வேண்டாம்" என்று பையன் சொல்வான். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல.

என்.சி.சி. என்பது தேசிய மாணவர் படை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ராணுவ முறையில் பயிற்சி தரும் படை. பண்டித குன்ஸ்ரு தலைமையில் அமைந்த குழுவின் சிபாரிசுப்படி, 1948-ம் ஆண்டு சட்டம் இயற்றி இதைத் தொடங்கினார்கள். மறு ஆண்டே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது. 1962-ல் சீனப் போர் வந்தது. அதற்கு மறு ஆண்டு, கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயிற்சி கட்டாயம் ஆயிற்று. 1968-ல் "விருப்பம் உள்ளவர்கள் சேரலாம்" என்று மாற்றினார்கள். இன்றும் அப்படித்தான். முதலில் சேர்ந்தவர்கள் 20 ஆயிரம் பேர். இப்போது 17 லட்சத்துக்கும் மேல்.

சர்க்கார் கொடுப்பது

முகாமில் செலவு கொஞ்சமா? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 10 நாள் சோறு போட வேண்டும். விடியற்காலை டீ, காலைச் சிற்றுண்டி, மத்தியானச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு. தங்க இடம், தண்ணீர், விளக்கு, டாக்டர் எல்லாம் வேண்டும். சுட்டுப் பழக துப்பாக்கி, குண்டு வேண்டும். கற்றுக்கொடுக்க ராணுவ ஹவில்தார்கள் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பிள்ளையிடம் காசு கேட்பதில்லை. மத்திய அரசும் மாநில அரசும் செலவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

காக்கி உடுப்பும் அப்படித்தான். முன்பெல்லாம் உடுப்பைத் துணியாகவே கொடுத்தார்கள். அண்ணன் போட்டுக் கழற்றிய சட்டை தம்பிக்கு வரும். தோள் இறங்கித் தொங்கும். 2022-ம் ஆண்டில் முறை மாறியது. பாரத ஸ்டேட் வங்கியில் குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்கு ஒன்றை மாணவன் பெயரில் தொடங்கி, உடுப்புப் பணத்தை அதிலே போடும் திட்டம் வந்தது. அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பணம் வருமுன் பரேடு வந்துவிட்டால், தையற்காரருக்கு வீடுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். கணக்குத் தொடங்கிய தாய் தகப்பன் பாஸ் புத்தகத்தை அவ்வப்போது பதிந்து பார்ப்பது நல்லது.

பெட்டிக்குள் என்ன?

சர்க்கார் கணக்கு இத்தோடு முடிகிறது. இனி வீட்டுக் கணக்கு.

பள்ளியிலிருந்து ஒரு பட்டியல் வரும். பூட்டோடு ஒரு டிரங்குப் பெட்டி. படுக்கை, போர்வை, கொசுவலை. தட்டு, தம்ளர். ஒரு வாளி. டார்ச் விளக்கு. உடற்பயிற்சிக்கு வெள்ளைச் சட்டை, கால்சட்டை, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. இரண்டு மூன்று ஜோடி காலுறை. ஷூவுக்குப் பாலிஷ், பிரஷ். இடுப்புப் பட்டையின் பித்தளைக் கொக்கியைத் தேய்க்க பிராசோ. சோப்பு, எண்ணெய், பல்பசை, ஊசி, நூல். கிளம்புமுன் ஒட்ட வெட்டிய கிராப்பு. போக வர பஸ் செலவு. கையில் கொஞ்சம் சில்லறை.

வசதியுள்ள வீட்டில் இவற்றில் பாதி ஏற்கெனவே இருக்கும். மீதிக்கு ஒரு தடவை கடைவீதிக்குப் போய் வந்தால் போதும். கூலி வேலைக்குப் போகிற வீட்டில் கதை வேறு. அங்கே எல்லோருக்குமாக ஒரே ஒரு வாளி இருக்கும். போர்வையைத் தம்பியும் தங்கையும் சேர்ந்து போர்த்தியிருப்பார்கள். பையன் அதை எடுத்துக்கொண்டு போனால் மற்றவர்கள் எதைப் போர்த்துவது?

தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு 2025-26-ல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவே ஏறக்குறைய ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும். பெட்டியும் கொசுவலையும் புதிதாக வாங்கினால் இன்னும் சில நாள் கூலி போகும். பள்ளிக்குப் போகும் இலவச பஸ் பாஸ், வேறு ஊரில் நடக்கும் முகாமுக்கு உதவாது.

தொகை பெரிது அல்ல. கையில் இல்லாதபோது அதுவே பெரிதாகிவிடுகிறது. "எனக்கு முகாம் வேண்டாம் சார், காய்ச்சல் அடிக்கிறது" என்று சொல்லும் பிள்ளைகளில் சிலருக்குக் காய்ச்சலே இராது. ஷூ இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

போகாவிட்டால் என்ன?

முகாமுக்குப் போகாவிட்டால் சர்ட்டிபிகேட் பரீட்சை எழுதுவது தடைப்படும். பள்ளியில் 2 ஆண்டுப் பயிற்சி முடிப்பவர்களுக்கு 'ஏ' சர்ட்டிபிகேட். கல்லூரியில் 'பி', அதன் பிறகு 'சி'. வழக்கமான விதிப்படி 'ஏ'வுக்கு ஒரு முகாம், 'பி'க்கு ஒரு முகாம், 'சி'க்கு இரண்டு முகாம் போயிருக்க வேண்டும். இரண்டு வருஷம் வெயிலில் பரேடு செய்து, ஒரு முகாமைத் தவறவிட்டால் உழைப்புக்குத் தாள் கிடைக்காது.

அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டா? உண்டு. ராணுவத்தில் அதிகாரியாக 'என்.சி.சி. சிறப்பு நுழைவு' என்று ஒரு வழி இருக்கிறது. பட்டப்படிப்பில் 50 சதவீத மார்க்கு, நல்ல கிரேடில் 'சி' சர்ட்டிபிகேட், 19 முதல் 25 வரை வயது. இவை இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பங்களைச் சலித்து, பொறுக்கியவர்களை நேராகத் தேர்வு வாரியத்தின் முன் அழைக்கிறார்கள். அங்கே தேறுவது சுலபம் அல்ல. தேறினால் சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி. பயிற்சிக் காலத்திலேயே மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

அந்த வாசலுக்கும் ஒரு குடிசைக்கும் நடுவே ஒரு ஜோடி ஷூ நின்றால் அது அநியாயம் அல்லவா?

பத்து நாள் யார் சமைப்பது?

பணத்தைக் கணக்குப் பார்ப்பவர்களும் நாளைக் கணக்குப் பார்ப்பதில்லை.

சாயந்திரம் விசைத்தறியில் நூல் போடும் பையன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போகும் கல்லூரி மாணவன் இருக்கிறான். 10 நாள் முகாம் என்றால் அவர்களுக்கு 10 நாள் வரும்படி இல்லை. திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொரு பையன் நிற்கலாம்.

பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் கஷ்டம். அம்மா காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறார். தம்பிக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது அக்காள்தான். சோறு வடிப்பதும் அவள்தான். அவள் 10 நாள் இல்லாவிட்டால் அம்மாவின் வேலை நிற்கும். இந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் இல்லை. பல வீடுகளில் முகாம் தாள் கையெழுத்தாகாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

பயமும் உண்டு. வயதுக்கு வந்த பெண்ணை வெளியே தங்க விடுவதா என்று பாட்டி கேட்பார். அது தவறான கேள்வி அல்ல. பெண்கள் கலந்துகொள்ளும் முகாமில் பெண் பயிற்சியாளர்களும் பெண் ஆசிரியைகளும் உடன் இருக்க வேண்டும். யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், இரவில் யார் காவல் என்று தாயார் பள்ளியில் கேட்கலாம். பதில் சொல்வது பள்ளியின் கடமை.

பணம் கேட்டால்?

சில தனியார் பள்ளிகளில் என்.சி.சி. சுயநிதித் திட்டத்தில் நடக்கிறது. அங்கே உடுப்பு, பயிற்சி, முகாம் ஆகியவற்றின் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும். நிர்வாகம் தன் பையிலிருந்து போடுகிறதா, பெற்றோரிடம் வாங்குகிறதா என்பது சேர்க்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். எதற்குப் பணம் வாங்கினாலும் ரசீது கேட்க வேண்டும்.

என்.சி.சி. என்ற பெயரைச் சொன்னால் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். அதனால் ஒரு விபரீதமும் நடந்தது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில், என்.சி.சி. பெயரில் போலி முகாம் நடந்தது தெரிய வந்தது. அங்கே தங்கிய மாணவிகளுக்குக் கொடுமை இழைக்கப்பட்டது. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை. பலர் கைதானார்கள்.

உண்மையான முகாம் என்றால் பட்டாலியன் அலுவலகம் ஒன்று அதன் பின்னால் இருக்கும். சேர்ந்த பிள்ளைக்குப் பதிவு எண் இருக்கும். முகாம் எங்கே, எந்தத் தேதி, பொறுப்பான அதிகாரி யார் என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கலாம். படிக்கத் தெரியாத தாய் தகப்பனும் போய்க் கேட்கலாம்.

பழைய பெட்டி போதும்

முகாமுக்குப் புதுச் சாமான்தான் வேண்டும் என்று விதி இல்லை. பெட்டி பூட்டும்படி இருந்தால் சரி. ஷூ வெளுப்பாக இருந்தால் சரி.

ஷூ ஒன்றைத்தான் இரவல் வாங்கக் கூடாது. அளவு சேராத ஷூவில் 10 நாள் ஓடினால் கால் புண்ணாகிவிடும். இருக்கிற காசை அதற்கு வைத்துக்கொண்டு, மற்றதற்கு அக்கம்பக்கத்தில் கேட்கலாம். கொசுவலையும் டார்ச்சும் சித்தப்பா வீட்டிலிருந்து வரலாம். வீட்டுச் சமையலுக்கு அத்தையை 10 நாள் வந்து இருக்கச் சொல்லலாம். முகாம் தேதி தெரிந்தவுடனே இதையெல்லாம் பேசிவிட வேண்டும். கிளம்புகிற நாளில் ஓடினால் எதுவும் கிடைக்காது.

படிப்பு முடித்துப் போகும் பிள்ளைகளின் பெட்டியையும் வாளியையும் பள்ளியிலேயே வாங்கி வைக்கலாம். அடுத்த ஆண்டு இல்லாத பிள்ளைக்குக் கொடுக்கலாம். இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம். ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும். யாருக்கு என்ன இல்லை என்பதை வகுப்பின் நடுவே கேட்காமல், தனியே கூப்பிட்டுக் கேட்டால் பிள்ளை மறைக்காமல் சொல்லும். மூடியின் மேல் இருக்கும் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் எழுத, கொஞ்சம் பெயிண்டு போதும்.