காத்திருந்த நாட்களில் தைத்த கோதடி

பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்து வாழும் குடும்பங்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் வேண்டிக் காத்திருக்கிறோம். பொங்கலுக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டு வேண்டிக் காத்திருக்கிறோம். எல்லாவற்றிற்கும் மேலாக, நல்லதொரு வீட்டுக்குக் காத்திருக்கிறோம். ‘வீடு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாம் ஒத்திவைக்கும் காரியங்களோ பலவாம். அவ்வாறு கழியும் நாட்களைப் பயனுள்ளவையாக ஆக்கிக்கொள்ளும் கைத்தொழில் ஒன்றைப் பற்றி வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பழந்துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்கும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளிலும் உண்டு. வங்காளத்தார் அதனைக் காந்தா என்பர்; பீகாரில் சுஜனி; கன்னட நாட்டில் கௌதி; மராட்டிய நாட்டில் கோதடி. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் தைக்கும் ஒட்டுப் போர்வை தனி அழகுடையது. அவர்கள் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து நடுவில் முடிப்பர். நான்கு மூலைகளிலும் பூ என்று சொல்லி முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைத்த பிறகே போர்வை நிறைவுற்றதாகக் கொள்வர்.

நாம் இருப்பது மராட்டிய மாநிலத்தில். இரயில்வே குடியிருப்பில் வீடு கேட்டு எழுதிக் கொடுத்து மூன்றாண்டுகள் ஆகின்றன. முன்னவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ காலி செய்தால்தான் அடுத்தவருக்கு இடம். அதுவரை ஒற்றை அறை வாடகை வீடே கதி. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் பாதி இன்னும் திறக்கப்படவில்லை. அப்பெட்டிகளில் பழஞ்சேலைகள் நிறைந்திருப்பதை அறிந்த அடுத்த வீட்டு ஆஜி (பாட்டியை இங்கு அவ்வாறுதான் அழைப்பர்) நம் இல்லாளை அருகே அமர்த்திக் கோதடி தைக்கக் கற்றுக்கொடுத்தார்.

முறை எளிது. துணிகளை வெந்நீரில் அலசிக் கஞ்சியும் அழுக்கும் போக்கி உலர்த்த வேண்டும். பருத்தியே ஏற்றது. பட்டும் பருத்தியும் கலந்தால் துவைக்கையில் ஒன்று சுருங்கும், ஒன்று நிற்கும்; நைலான் வகைகளோ மடிப்பில் படியா. அட்டையில் ஆறரை அங்குலச் சதுரம் வெட்டி, அதனை அளவாக வைத்துத் துணியைக் கத்தரித்துக்கொள்ளவேண்டும். சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போக, ஆறு அங்குலம் நிற்கும். ஐந்தடி அகலமும் ஏழரை அடி நீளமும் உள்ள போர்வைக்கு 150 சதுரங்கள் தேவை. இரண்டு சதுரங்களை நல்ல பக்கம் உட்புறமாக இருக்கும்படி சேர்த்து, பின்புறம் பென்சிலால் கோடிட்டு, அக்கோட்டின் மேல் நுண்ணிய ஓட்டுத் தையல் போட்டு, இரு முனைகளிலும் ஊசியைப் பின்னோக்கி இழுத்து இறுக்க வேண்டும். பத்துச் சதுரங்கள் ஒரு வரிசை. பதினைந்து வரிசைகள் ஒரு விரிப்பு. அதன் அடியில் பழஞ்சேலைகளை இரண்டு மூன்று மடிப்பாக விரித்து, எல்லாவற்றிற்கும் கீழே பழைய வேட்டி ஒன்றை இட்டு, இரு விரற்கடைக்கு ஒரு வரியாகத் தைத்தால் கோதடி தயார்.

மாலையில் சமையல் முடிந்து பிள்ளைகள் பாடம் படிக்கும் அரைமணி நேரமே இதற்குக் கிடைத்தது. மடியில் வைத்துத் தைக்கும் வேலையாதலால் தனியிடமும் வேண்டியதில்லை. சின்னாளப்பட்டிச் சுங்குடியும் இங்கு வாங்கிய இல்கல் சேலையும் அடுத்தடுத்து வந்தமர்ந்தன. நம் மகளோ, ‘இது அத்தை கல்யாணத்திற்கு உடுத்தியது, இது தம்பியின் தொட்டில் துணி’ என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லத் தொடங்கினாள். ஊரைக் கோடை விடுமுறையில் மட்டுமே கண்ட பிள்ளைக்கு, உறவுமுறைகள் இத்துண்டுகளின் வழியே மனத்தில் பதிந்தன.

ஒரு சேலையில் மட்டும் கை நின்றுவிட்டது. அது காலஞ்சென்ற நம் அன்னையார் கடைசி நாட்களில் உடுத்தியிருந்த சுங்குடி. தொலைபேசியில் கேட்டபோது தமக்கையார் மனம் வருந்தினார். “அம்மா சேலையில் கத்தரி வைக்கலாமா தம்பி? உனக்கு வேறு துணியா கிடைக்கவில்லை?” என்றார். நமக்கு விடை கூற நா எழவில்லை. இல்லாள்தான் மெல்லச் சொன்னாள்: “அண்ணி, பெட்டியில் கிடந்து மடிப்பிலேயே இற்றுப்போகிறது. முந்தானையிலே ஒரு கெஜம் மட்டும் எடுக்கிறேன். மிச்சத்தைக் கிழிக்காமல் போர்வைக்குள்ளே வைத்துத் தைத்துவிடுகிறேன். அத்தை சேலை அத்தனையும் பிள்ளைகள் மேலேயே இருக்கும்.” சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. ஒரு வாரம் கழித்து அஞ்சலில் ஒரு சிறு கட்டு வந்தது. அதனுள் தமக்கையாரின் பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று இருந்தது. “அம்மாவுக்குப் பக்கத்தில் இதையும் வைத்துத் தை” என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

கோதடி முடிய ஒன்பது திங்கள் ஆயின. வீடு இன்னும் வரவில்லை. பட்டியலில் நமக்கு முன்னால் இருவர் உள்ளனர். ஆயினும் வீடு வந்த பிறகே வாழ்வு தொடங்கும் என்ற எண்ணம் இப்போது நம் இல்லத்தில் இல்லை. குளிர்காலத்தில் பிள்ளைகள் இருவரும் அதைத்தான் போர்த்திக்கொள்கின்றனர்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் உடுத்தவும் இயலாமல், எறியவும் மனமில்லாமல் பெட்டியில் உறங்கும் துணிகள் இருக்கக்கூடும். பெட்டியைத் திறந்து, அவற்றுள் உரியவர் உள்ளவற்றிற்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஊசியை எடுக்குமாறு சகோதரிகளை வேண்டுகிறோம். சகோதரர்களும் தைக்கலாம்; கோணலாக வரும் சதுரத்தை உள்வரிசையில் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது.