அடங்கும் இரைச்சலும் அடங்காத இரைச்சலும்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலை நோக்கி விரையும் ஈடிஎஸ் மின்ரயிலின் பெட்டிக்குள் ஓயாமல் கேட்கும் ரீங்காரமும், ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று விளையும் செம்பனைக் குலைகளை அவித்துப் பிழியும் ஆலைக்குள் எழும் ஆரவாரமும் பொதுவழக்கில் ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. காதுக்கோ அவை இரண்டும் ஒன்றல்ல. முன்னது களைப்பூட்டுவது, பின்னது, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், செவித்திறனை மீளாதபடி பறித்துவிடுவது. கம்பியில்லா இயர்பட், ஹெட்போன் ஆகியவற்றில் இப்போது பரவலாகக் கிடைக்கும் இரைச்சல் நீக்க வசதி முன்னதைக் கருதியே வளர்க்கப்பட்டது. ரயிலேறிக் கல்லூரிக்குப் போகும் மகளும் ஆலையில் இரவு வேலைக்குப் போகும் தந்தையும் ஒரே வீட்டில் இருக்கும் பேராக் மாநிலத்தில், ஒரே கருவி இரண்டு இடங்களுக்கும் எளிதாகப் போய்ச் சேரும் என்பதால், அது எங்கே துணைசெய்யும், எங்கே கைவிடும் என்று அறிந்து வைப்பது இங்குள்ளவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

ஒலி என்பது காற்றின் அழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்குவதால் உண்டாகும் அலையாகும். கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டிய இடங்களில் தேங்கி நிற்கும் குட்டைகளில் ஒன்றில் இரண்டு கற்களைச் சற்று இடைவெளி விட்டு எறிந்தால், இரு வட்ட அலைகள் பரவிச் சந்திக்கும் இடங்களில் சிலவற்றில் நீர் இருமடங்கு எழும்புவதையும், ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தோடு பொருந்தும் இடங்களில் நீர் அசையாமல் கிடப்பதையும் காணலாம். செயல்வழி இரைச்சல் நீக்கம், அதாவது பெட்டிகளின் மேல் ‘ஏஎன்சி’ என்று அச்சிடப்படும் வசதி, இந்த இரண்டாவது நிகழ்வையே காதின் வாயிலில் நிகழ்த்துகிறது. கருவியின் வெளிப்புறத்திலுள்ள நுண்ணிய மைக் வரும் இரைச்சலைக் கேட்டுச் சொல்ல, உள்ளிருக்கும் சில்லு அந்த அலைக்கு நேர் எதிரான அலையைக் கணித்து ஒலிபெருக்கி வழியே வெளியிட, இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. காதுக்குழாயை நோக்கிய இன்னொரு மைக், கழித்தது போக மிஞ்சியதைக் கேட்டுத் திருத்தம் சொல்கிறது. விலை கூடிய கருவிகளில் பெரும்பாலும் இவ்விரு ஏற்பாடுகளும் சேர்ந்தே இருக்கும்.

இந்தக் கழித்தலின் வெற்றி முழுவதும் நேரத்தைப் பொறுத்தது. எதிரலை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேர்வதாகக் கொள்வோம். நொடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த ஒலிக்கு அந்தத் தாமதம் பொருட்டே இல்லை. அலையின் உயரத்தில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நொடிக்கு 1,000 முறை அதிரும் ஒலியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கும். நொடிக்கு 5,000 முறை அதிரும் கீச்சொலிக்கோ, அதே தாமதம் முகட்டை முகட்டோடு சேர்த்துவிட, இரைச்சல் அடங்குவதற்குப் பதிலாக இருமடங்காகும். இதனால்தான் வடிவமைப்பாளர்கள் எதிரலையைத் தாழ்ந்த ஒலிகளோடு நிறுத்திக்கொண்டு, உயர்ந்த ஒலிகளைத் தடுக்கும் பொறுப்பைக் காதை அடைக்கும் ரப்பர் முனைக்கும் மெத்தைக்கும் விட்டுவிடுகிறார்கள். வெறும் அடைப்பினால் நிகழும் இந்தத் தடுப்பு மின்சாரம் கேட்பதில்லை. ஆனால் முனை காதுக்குப் பொருந்தாவிட்டால் இதுவும் போகும், எதிரலையின் கணக்கும் குலையும். கூடவே தரப்படும் சிறிய, பெரிய முனைகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டியோடு எடுத்து வைத்துவிட்டு, கருவி சரியில்லை என்று குறைப்படுபவர்கள் பலர்.

ஆகவே, சீராகவும் தாழ்ந்தும் ஓயாமலும் ஒலிப்பதே இந்தக் கருவிக்கு உகந்த இரைச்சல். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை செல்லும் ஈடிஎஸ்ஸின் சக்கர ஒலி, நீண்டதூரப் பேருந்தின் டீசல் உறுமல், விமானத்தின் முழக்கம், குளிர்சாதனப் பெட்டியின் முனகல் ஆகியவை நன்றாக அடங்கும். பக்கத்து இருக்கையின் பேச்சு குறையும், மறையாது. கைக்குழந்தையின் வீறிடல் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலின் முன் உருமி மேளத்தின் தொடர்ந்த அதிர்வில் ஒரு பகுதி தணிந்தாலும், குச்சி தோலில் படும் ஒவ்வோர் அறையும் தெளிவாகவே கேட்கும், ஏனெனில் திடீரென எழுந்து மறையும் ஒலியில் எதிரலையைப் பொருத்துவது கடினம்.

எண்ணம் என்ற அளவில் இது பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் குழாயில் செல்லும் ஒலியை எதிரலையால் அடக்கும் முறைக்கு 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதை ஓட்டிக்காட்டும் வேகமுள்ள மின்னணுப் பாகங்கள் அன்று இல்லை. 1978-இல், கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய வங்காளியின் மகனும் எம்ஐடி பேராசிரியருமான அமர் போஸ், சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது விமான நிறுவனம் கொடுத்த ஹெட்போனில் இசையை இயந்திர முழக்கம் மூழ்கடிப்பதைக் கண்டு, தரையிறங்குவதற்குள் அதற்குரிய கணக்கைத் தாளில் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் விமானிகளுக்கான கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணிகளுக்கு அது 2000-இல் வந்தது. 2019-இல் ஆப்பிள் வெளியிட்ட ஏர்பாட்ஸ் ப்ரோவுக்குப் பின் அந்த வசதி கடலைமணி அளவுள்ள இயர்பட்டுகளுக்கும் பரவிற்று.

அந்த அளவுக்குச் சுருங்க முடிந்ததற்குக் காரணம், சிலிக்கன் தகட்டில் செதுக்கப்படும் ‘மெம்ஸ்’ மைக். மெல்லிய சவ்வு ஒன்று காற்றழுத்தத்துக்கேற்ப அசைவதை மின்குறிப்பாக மாற்றும் இத்தகைய நுண்பொறியைத் தூசியும் ஈரமும் தாக்காமல் உறையிலிட்டுச் சோதிப்பது தனித் தொழில். 1972-இல் ஈப்போவில் தொடங்கிய கார்செம் நிறுவனமும், ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாயில் இயங்கும் யூனிசெம் நிறுவனமும் சில்லுகளை உறையிலிட்டுச் சோதிக்கும் தொழிலில் உலகளவில் அறியப்பட்டவை. மெம்ஸ் உறையிடுதலும் அவை வழங்கும் சேவைகளில் அடங்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ரப்பர் வேலை அருகியபோது, பேராக்கின் பட்டணங்களில் பெருகிய இத்தகைய தொழிற்சாலைகளே தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் தரும் இடங்களாயின. காதில் வைக்கும் பொருளைத் தொலைதூர நாட்டின் அதிசயமாக மட்டும் பார்ப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

ரப்பர் வேலை, அதன் கொடிய உழைப்புக்கும் குறைந்த கூலிக்கும் நடுவில், பெரும்பாலும் அமைதியான வேலையாக இருந்தது. பொழுது விடியுமுன் குளிர்ந்த காற்றில் மரத்தின் பால் நன்றாக ஓடும் என்பதால், பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்கியவர்களுக்குக் காதுதான் இரண்டாவது கண். சருகில் ஊர்வது என்ன, புதரில் உறுமுவது பன்றியா, அடுத்த நிரையில் வெட்டுபவர் கொடுக்கும் குரல் எங்கிருந்து வருகிறது என்பதையெல்லாம் அது சொன்னது. ரப்பர் போன இடத்தில் செம்பனை வந்தபோது, நிலத்தின் ஒலியும் மாறியது. எண்ணெய் ஆலையில் குலைகளை அவிக்கும் கலனிலிருந்து நீராவி பீறிடும் ஓசை, பழத்தை உதிர்க்கும் உருளையின் தடதடப்பு, கொட்டை உடைக்கும் பொறியின் சடசடப்பு, விசையாழியின் ஊளை ஆகியவை ஒன்றாக ஒலிக்க, சில பகுதிகளில் இரைச்சல் 85 டெசிபலை எளிதாகக் கடந்துவிடும். தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை முதுகில் சுமந்து நாள் முழுவதும் நடப்பவரின் காதுக்கும் இதே நிலைதான்.

டெசிபல் என்பது ஒலியின் வலிமையை அளக்கும் அலகு. ஆனால் அது சாதாரண எண்களைப் போலக் கூடுவதில்லை. 3 டெசிபல் ஏறினால் காதில் விழும் ஆற்றல் இருமடங்காகும். ஆகவே தாங்கத்தக்க நேரம் பாதியாகும். நாளுக்கு 8 மணி நேரம் 85 டெசிபல் என்பது எல்லையானால், 88-க்கு 4 மணி நேரமும், 94-க்கு 1 மணி நேரமும், 100-க்கு வெறும் 15 நிமிடமுமே கணக்கு. மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு விதிகள் 90 டெசிபலை எல்லையாக வைத்திருந்தன. 2019 ஜூன் முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இரைச்சல் விதிகள் அதை 85-க்கு இறக்கியதோடு, 82-ஐத் தாண்டினாலே அதை மிகையான இரைச்சலாகக் கொண்டு முதலாளி அபாயத்தை மதிப்பிட வேண்டும் என்றன. உட்காதின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை என்பதால், இந்த மாற்றம் காலந்தாழ்ந்தே வந்தது என்றே சொல்ல வேண்டும். வேலையால் வந்த செவிக்குறை சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சட்டத்தின்கீழ் இழப்பீட்டுக்குரிய தொழில்நோயாகும். இது தெரியாமல், ‘வயதாகிவிட்டது’ என்று இருந்துவிடும் பழைய தொழிலாளர்களுக்கு வீட்டிலுள்ள இளையவர்கள் இதை எடுத்துச் சொல்வது கடமை.

இத்தகைய எண்ணெய் ஆலைக்குள் இரைச்சல் நீக்க இயர்பட்டை அணிந்து செல்வதுதான் பெருந்தவறு. தரச்சான்று பெற்ற காதுச் செருகியும் காதுமூடியும் பல்வேறு அதிர்வெண்களில் எவ்வளவு தடுக்கும் என்று சோதித்து அளவிடப்பட்டவை. சந்தையில் விற்கும் இயர்பட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அத்தகைய சான்று இல்லை. தாழ்ந்த முழக்கம் அடங்கியதும் இடம் அமைதியாகிவிட்டது என்ற எண்ணம் பிறக்கும். காதை அதிகம் கெடுக்கும் உயர்ந்த ஒலியும் உலோகம் மோதும் ஓசையும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். மின்கலம் தீர்ந்தால் எதிரலையும் நின்றுபோகும். மோட்டார் சைக்கிளிலும் இது உதவாது. காற்று மைக்கில் நேரே மோதும்போது கருவி குழம்புவது ஒருபுறம் இருக்க, பின்னால் வரும் லோரியின் ஒலிப்பான் கேட்காமல் போவது உயிருக்கு ஆபத்து. நடந்து சாலையைக் கடக்கும்போதும், ரயில் நிலையத்தில் அறிவிப்புக்குக் காத்திருக்கும்போதும், வெளியொலியை மைக் வழியே உள்ளே விடும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பல கருவிகளில் தண்டை அழுத்தினாலோ தொட்டாலோ போதும்.

வாங்கும்போது நேரும் ஏமாற்றம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மலிவான பெட்டிகள் பலவற்றில் ‘இஎன்சி’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அது பேசுபவரின் குரலிலிருந்து சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டி எதிர்முனையில் கேட்பவருக்கு அனுப்பும் வசதி. அணிந்திருப்பவரின் காதுக்கு அது எந்த அமைதியையும் தராது. அவருக்கு வேண்டியது ‘ஏஎன்சி’.

உரிய இடத்தில் அணிந்தால், இந்த வசதியின் உண்மையான பயன் அமைதியில் இல்லை, ஒலியளவைக் குறைப்பதில் இருக்கிறது. சாதாரண இயர்பட்டோடு பேருந்தில் செல்பவர், டீசல் உறுமலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டிக் கைப்பேசியின் ஒலியளவை ஏற்றிக்கொண்டே போவார். உறுமல் அடங்கினால் அதே பாட்டைப் பாதி அளவில் கேட்க முடியும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபலையும், சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபலையும் பாதுகாப்பான எல்லையாகச் சொல்கிறது. பல கைப்பேசிகள் கேட்ட அளவைத் தாமே கணக்கிட்டுக் காட்டுகின்றன. இரைச்சலை நீக்கிவிட்டு ஒலியளவை மட்டும் பழைய இடத்திலேயே வைத்திருப்பவருக்கு இந்த வசதியால் செவிநலம் ஏதும் கிட்டுவதில்லை. சிலருக்கு எதிரலை இயங்கும்போது காதில் அழுத்தம் போன்ற உணர்வு தோன்றும். அவர்கள் நீக்கத்தின் வலிமையைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த நாட்டின் வெக்கையில் காதுக்குள் வியர்வை தேங்கி அரிப்பும் புண்ணும் வருவது சாதாரணமாதலால், முனைகளைக் கழற்றித் துடைத்து உலரவைப்பதும், இடையிடையே காதைக் காற்றாட விடுவதும் நல்லது.

அதே மைக்கும் அதே சில்லும் எதிர்த்திசையிலும் வேலை செய்யத் தொடங்கியுள்ளன. ஏர்பாட்ஸ் ப்ரோவின் இரண்டாம் தலைமுறையை, லேசானது முதல் மிதமானது வரையிலான செவிக்குறை உள்ள பெரியவர்களுக்குச் செவித்துணைக் கருவியாகப் பயன்படுத்த உதவும் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் அனுமதி அளித்தது. அங்கே கருவி இரைச்சலை விலக்குவதை விட்டு, எதிரே இருப்பவரின் பேச்சை எடுத்து உயர்த்திக் கொடுக்கிறது. ஆலையிலும் புல்வெட்டும் இயந்திரத்தின் அருகிலும் முப்பது ஆண்டுகள் உழைத்து, இப்போது பேரப்பிள்ளை சொல்வதை இரண்டாம் முறை கேட்கும் பெரியவருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்பதை முறையான செவிப் பரிசோதனைதான் சொல்ல முடியும். அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டி ஒரு பரிந்துரைக் கடிதம் பெற்றால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போகலாம்.