சாறு வேறு, ரம் வேறு!

“சளிக்கு ரெண்டு ஸ்பூன் ரம் குடுக்கலாமா டாக்டரய்யா? கரும்புல செஞ்சதுதானே?” பனிக்காலம் வந்தால் மயிலாடும்பாறைப் பக்கத் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது.

நம் நாட்டு ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகில் தயாராவது. பச்சைக் கரும்புச் சாற்றையே புளிக்க வைத்து வடிப்பது கரீபியன் தீவான மார்ட்டினிக்கில் பிரபலம். 1996-ல் பிரெஞ்சு அரசு அதற்குத் தனி அங்கீகாரமே தந்தது. ‘அப்படியானால் அது சத்தானதோ?’ என்று கேட்டுவிடாதீர்கள்! சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமாக்கிவிடும். காய்ச்சி வடிக்கும்போது தாது உப்புகள் கொப்பரையிலேயே தங்கிவிடும். பாட்டிலுக்கு வருவது சாராயம், தண்ணீர், கொஞ்சம் வாசனை. அவ்வளவுதான்.

குடித்ததும் கதகதப்பாக இருக்கிறதே என்பீர்கள். தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் மாயம் அது; உடம்பின் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். பச்சைக் குழந்தைக்கோ ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கி வலிப்பே வரலாம். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

கரும்புச் சாறும் சளிக்கு ஆகாது. பித்தம் தணிக்கும் குளிர்ச்சிப் பொருள் அது. வெயில் காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணச் சளியா? கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சில சொட்டுச் சாறு தேனில் குழைத்துக் கொடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.