ரேகை விழாத விரல்

நான் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் காலை ஒன்பதுக்குள் கைரேகை வைக்க வேண்டும். எட்டே முக்கால் ஆனதும் மெஷின் முன்னால் வரிசை கட்டிவிடுவோம். விரலை வைத்தால் "தேங்க் யூ" என்று சொல்லும், அடுத்தவர் வருவார். துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்காவின் முறை வந்தால் மட்டும் வரிசை நின்றுவிடும். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்னும் மெஷின். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைப்பார். அதே குரல். நெற்றியிலும் மூக்கோரத்திலும் விரலைத் தேய்த்துக்கொண்டு வைப்பார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்ட ஆரம்பித்ததும், "நீங்க போங்க" என்று ஒதுங்கிக்கொள்வார். எட்டு ஐம்பதுக்கு வந்தவருக்கு ஒன்பது எட்டுக்கு ரேகை விழும். மாதக் கடைசியில் அது "லேட்" கணக்கில் போய்ச் சேரும்.

அவர் விரலில் என்ன கோளாறு என்று தேடப் போய்த்தான் இந்த மெஷினைப் பற்றிப் படித்தேன்.

விரல் நுனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, உழுத வயல் போல இருக்கும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளி. ஒளியால் இயங்கும் மெஷின்களில் கண்ணாடிக்கு அடியில் ஒரு முப்பட்டகம், ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் சின்னக் கேமரா. விளக்கின் ஒளி கண்ணாடியின் மேல்பரப்பில் பட்டு முழுதாகத் திரும்பிக் கேமராவுக்குப் போகும்படி கோணம் அமைத்திருப்பார்கள். பள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இருப்பதால் அங்கே ஒளி அப்படியே திரும்பும். மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி தோலுக்குள் கசிந்துவிடும். மேடு கறுப்பாகவும் பள்ளம் வெளுப்பாகவும் ஒரு படம் கிடைக்கிறது.

விரல் காய்ந்திருந்தால் மேடு கண்ணாடியோடு சரியாக ஒட்டாது; கோடுகள் துண்டு துண்டாகத் தெரியும். ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நின்று எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். அந்த அக்கா நெற்றிப் பசையைத் தொட்டுக்கொண்டது சரியான வைத்தியம்தான். காய்ந்த மேட்டைக் கண்ணாடியோடு ஒட்டவைப்பது அந்தப் பசை.

படம் கிடைத்ததும் மெஷின் அதில் கோடு முடியும் இடங்களையும், ஒரு கோடு இரண்டாகப் பிரியும் இடங்களையும் தேடுகிறது. தெளிவான ரேகையில் 30, 40 புள்ளிகள் சாதாரணமாகச் சிக்கும். அவை எங்கே இருக்கின்றன, எந்தத் திசையில் திரும்பியிருக்கின்றன என்பதை எண்களாக்கி வைத்துக்கொள்ளும். மறுநாள் வைக்கும் விரலின் எண்களை இவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். எத்தனை மதிப்பெண் எடுத்தால் பாஸ் என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அளவைக் குறைத்தால் ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழைந்துவிடலாம். கூட்டினால் சொந்தக்காரருக்கே கதவு மூடும். இரண்டு தவறும் ஒரு சேர இல்லாத அளவு கிடையாது. "மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்கும் மேலாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரேகையின் வடிவம் நாம் பிறக்கும் முன்பே, தோலின் அடி அடுக்கில் அமைந்துவிடுகிறது. அதனால் மேல்தோல் தேய்ந்தாலும் அதே கோலம் மறுபடி வளரும், கைக்கு ஓய்வு கிடைத்தால். சிமென்ட்டின் காரம் கொத்தனார் விரலை அரிக்கிறது. முந்திரி ஓட்டின் பால் உடைப்பவர்களின் விரலைப் புண்ணாக்குகிறது. சோப்புத் தண்ணீரிலும் பினாயிலிலும் நாள் முழுக்க ஊறும் விரல் வளர்வதற்குள் தேய்கிறது. வயதானால் மேடுகள் தாமாகவே தணிகின்றன. ரேஷன் கடையில் "ரேகை விழல" என்று திரும்புகிற பாட்டிகளை எல்லோரும் பார்த்திருப்போம். உழைத்துத் தேய்ந்த கையைத்தான் இந்த மெஷின் அதிகம் சந்தேகப்படுகிறது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

வேலைக்கு வந்த நேரத்தை மெஷினே குறிக்கட்டும் என்ற யோசனைக்கு ஒரு நகை வியாபாரி உருக்கொடுத்தார். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் ஊரைச் சேர்ந்த வில்லார்ட் பண்டி 1888-இல் ஒரு கடிகாரம் செய்தார். தொழிலாளி ஒவ்வொருவருக்கும் எண் போட்ட சாவி. செருகித் திருகினால் எண்ணும் நேரமும் காகிதச் சுருளில் அச்சாகும். 1894-இல் ராச்செஸ்டர் நகரத்து டேனியல் கூப்பர் அட்டையில் நேரம் பதியும் கடிகாரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். "பஞ்ச் பண்ணியாச்சா?" என்று நாம் கேட்பது அந்த அட்டைக் காலத்தின் மிச்சம். நேரப்பதிவுக் கடிகாரம் விற்ற கம்பெனி ஒன்று 1911-இல் வேறு சில கம்பெனிகளோடு இணைந்தது; அந்தக் கூட்டு 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சாவியையும் அட்டையையும் நண்பரிடம் கொடுத்துப் பதியச் சொல்லலாம். விரலைக் கொடுக்க முடியாது என்பதால் கைரேகை வந்தது.

கைரேகையைக் கணக்கு வழக்குக்குப் பயன்படுத்திய நவீனக் கதை நம் நாட்டில் தொடங்குகிறது. 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைப் பொருள் சப்ளை செய்ய வந்த ராஜ்யதர் கோனாயின் உள்ளங்கை முழுவதும் முத்திரை மையைத் தடவி, ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்துக்கொண்டார். பின்னாளில் கையெழுத்து என்னுடையதல்ல என்று சொல்லிவிடக் கூடாதாம். ஆரம்பமே அவநம்பிக்கைதான்.

மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எட்டு மணிக்கே வந்து வேலையைத் தொடங்குகிறவருக்கு அதுதான் சாட்சி. ஓவர்டைம் கேட்கும்போது மேஸ்திரியின் நோட்டுப் புத்தகத்தைவிட அது நம்பகமானது. ஆனால் அது குறிப்பது ரேகை ஏற்கப்பட்ட நேரத்தை. ஆள் வந்த நேரத்தை அல்ல. பக்கத்தில் ஒரு பதிவேடு இருக்க வேண்டும், ரேகை விழாதவர் அங்கே எழுதும் நேரம் செல்லுபடியாக வேண்டும். தாமதமே உண்மையாக இருந்தாலும் சம்பளப் பிடித்தத்துக்கு எல்லை உண்டு. வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமே சொன்னது. 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் தாமதித்தவருக்கு அரை நாள் சம்பளத்தை வெட்டுவது எந்தக் கணக்கில் வரும்?

எங்கள் அலுவலகத்தில் புதிதாக வந்த மேற்பார்வைத் தம்பி ஒருநாள் மெஷின் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு அந்த அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, பத்து விரலையும் ஒண்ணொண்ணா வைங்க, பார்ப்போம்." கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரண்டு கையிலும் மங்கல். துடைப்பத்தின் கட்டையும் மாப்பின் கழியும் அழுத்துகிற விரல்கள். இடது மோதிர விரலில் மட்டும் கோடுகள் தெளிவாக வந்தன. அதையே பதிந்துகொண்டார்கள். மறுநாளிலிருந்து அக்கா சாப்பாட்டுப் பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு வர ஆரம்பித்தார்.