யாரும் கற்றுத்தராத நடை

கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்து ஊர்களில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. குமுளி மலைப்பாதையிலும் போடிமெட்டு வளைவுகளிலும் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் அந்த வண்டிகளில் பெண்களே அதிகம். கைப்பிள்ளை உள்ளவர்கள் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ பிள்ளையை விட்டுவிட்டு ஏறுகிறார்கள். அந்தியில் திரும்பும்போது, “இன்னைக்கு உம் மகன் நாலு எட்டு வச்சுட்டான்” என்ற சேதி காத்திருக்கும். அந்த நாலு எட்டையும் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவனாகத் தேடிச் சேர்த்துக்கொண்டது அது.

நடையின் முதல் தடயம் பிறந்த சில நாட்களிலேயே தெரியும். அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்து பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டி, கக்கத்தில் பிடித்துத் தூக்கும்போது அதன் பாதம் தரையில் பட்டால் கவனியுங்கள். ஒரு கால் மடங்கி உயரும், இறங்கும், அடுத்த கால் உயரும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இது மறைந்துவிடும். மூளை வளர வளர இந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் விளக்கம் சொல்லி வந்தார்கள்.

அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலனுக்கு அந்த விளக்கம் போதவில்லை. மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளை அதே வயதில் கால்களை மாற்றி மாற்றி உதைக்கிறது. படுத்தால் வரும் அசைவு, நிமிர்த்திப் பிடித்தால் மட்டும் ஏன் மறைய வேண்டும்? 1984இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சோதனை முடிவை வெளியிட்டார்கள். கால்கள் தண்ணீரில் முங்கும்படி பிள்ளையைப் பிடித்தபோது எட்டுகள் கூடின. காலில் சிறு எடை கட்டியபோது குறைந்தன. முதல் மாதங்களில் தொடையில் தசையைவிடக் கொழுப்பு வேகமாகச் சேர்கிறது. மூளை அந்த அசைவை மறக்கவில்லை, கால்தான் கனத்துவிட்டது. இத்தனை எளிய சோதனை இவ்வளவு பெரிய நம்பிக்கையை அசைத்தது எனக்கு இன்றும் வியப்பு.

அந்தப் பழைய அசைவு வீணாவதும் இல்லை. இத்தாலிய ஆய்வாளர் பிரான்செஸ்கோ லாக்குவானிட்டியின் குழு 2011இல் பிள்ளைகளின் கால் தசைகளில் எழும் மின்குறிகளைப் பதிவு செய்தது. பிறந்த குழந்தையில் இரண்டு அடிப்படைக் கட்டளை வடிவங்கள் இருந்தன. நடை பழகும் பிள்ளையில் அந்த இரண்டும் அப்படியே இருக்க, மேலும் இரண்டு சேர்ந்திருந்தன. எலி, பூனை, குரங்கு, ஏன், தென்னந்தோப்பில் மேயும் கின்னிக்கோழியிலும்கூட இதைப் போன்ற வடிவங்கள் தென்பட்டன.

பிள்ளைத்தமிழின் பருவ வரிசை, தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும், நடந்து வரும் வருகையை ஓராண்டை ஒட்டியும் வைத்தது. கூர்ந்து பார்த்தவர்களின் கணக்கு அது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள் குறிக்க முடியாது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் பிள்ளைகளைக் கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவின்படி, தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்தாம் மாதத்தில் நடந்தது என்பதற்காக உங்கள் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

நடக்கத் தொடங்கிய பிள்ளை எவ்வளவு உழைக்கிறது தெரியுமா? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு, 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் விளையாடும்போது எண்ணிப் பார்த்தது. மணிக்குச் சராசரியாக 2,368 எட்டு, 17 விழுதல். நன்றாகத் தவழத் தெரிந்த பிள்ளை ஏன் விழுந்து விழுந்து நடக்கிறது என்பதற்கும் அதே 2012ஆம் ஆண்டு ஆய்வில் விடை இருக்கிறது. நடக்கும் பிள்ளை அதிகமாகச் சுற்றுகிறது; சுற்றிய அளவோடு ஒப்பிட்டால் விழுதல் கூடவில்லை. விழும் விகிதம் கூடாமலே அதிகத் தூரம் கிடைக்கும்போது எந்தப் பிள்ளைதான் தவழ்ந்துகொண்டிருக்கும்?

தொடக்க நடையில் கைகள் தோளளவு உயர்ந்திருக்கும், கால்கள் அகன்றிருக்கும், பாதம் முழுதாகத் தரையில் பொத்தென்று விழும். ஒரு வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 176 எட்டு வைக்கிறது என்று டேவிட் சதர்லாண்டின் குழு 1980இல் அளந்தது. ஒரே காலில் நிற்கும் திடம் இன்னும் வராததால்தான் பிள்ளையின் கொலுசு அப்படி ஓடி ஒலிக்கிறது. ஒன்றரை வயதை ஒட்டிக் குதிகால் முதலில் ஊன்றும், கைகள் வீசத் தொடங்கும். மூன்று வயதில் பெரியவர் நடையின் சாயல் உறுதிப்படும். ஏழு வயது வரை மெருகேறும்.

பாதமும் இந்தக் காலத்தில்தான் உருவாகிறது. கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் போடும் குட்டிப் பாதத்தின் நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். ஒரு வயதுப் பிள்ளையின் ஈரத்தடமோ நடுவில் ஒடுங்காமல் தட்டையாக விழும். உள்வளைவு பல ஆண்டுகளில் மெல்ல எழுகிறது. மணிப்பாலைச் சேர்ந்த மருத்துவர்கள் உதய பாஸ்கர ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 2,300 பிள்ளைகளைச் சோதித்து 1992இல் எழுதினார்கள்: காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம், வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். முள்ளும் தேளும் உள்ள தோட்டத்தில் செருப்பு வேண்டும். வீட்டுத் தரையில் வேண்டவே வேண்டாம்.

சக்கரம் வைத்த, உட்கார வைத்துத் தள்ளவிடும் ‘வாக்கர்’ இந்த உழைப்பைத்தான் பறிக்கிறது. அதில் பிள்ளை தன் எடையைத் தாங்குவதில்லை, தன் காலைச் சரியாகப் பார்ப்பதும் இல்லை. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்து வேறு. கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. நம் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை. அதற்குப் பின்னால் பிள்ளை தானே எழுந்து, தானே நின்று, தானே தள்ள வேண்டும். பெரியவர் பக்கத்தில் இருந்தால் அது போதும்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்காத பிள்ளை, ஒரு காலை மட்டும் இழுத்து நடக்கும் பிள்ளை, நடந்துவிட்டுப் பிறகு நடையை இழந்த பிள்ளை என்றால், “அவுங்கப்பனும் லேட்டாத்தான் நடந்தான்” என்று நாளைக் கடத்தாதீர்கள். அங்கன்வாடியிலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, பிள்ளைக்கு அவ்வளவு நல்லது.